திரைக்குப் பின்னால் பாட மறுத்த ரோசலின்

ரோசலினுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எல்லாருக்கும் அது தெரியும். அவள் மெல்லப் பேச ஆரம்பித்தாலே புருஷன் பேசில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பால் வெட்டப் போன வயதிலேயே, ஒரு தடவை காதில் விழுந்த பாட்டை அடுத்த மாசம் கேட்டாலும் அதே சுருதியில் பாடுவாள். இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் பேசிலைக் கட்டிக்கொண்டு குவாட்டர்ஸுக்கு வந்த பிறகு கோவில் பாடகர் குழுவில் சேர்ந்தாள். பெண்கள் பதினொரு பேர், ஆண்கள் ஒன்பது பேர். பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

முப்பத்திரண்டாம் வருஷம் பங்குச்சாமி அவர்களுக்கு ஒரு பெரிய லத்தீன் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் கட்டிய பாட்டாம். இயேசு பட்ட பாடுகளை நாலு வகைக் குரல் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சொல்லும். ஒரு குரல் அழுது முடிக்குமுன் அடுத்தது தொடங்கிவிடும். ஆறு மாசம் வரி வரியாய்ப் பிடித்துக்கொண்டார்கள். பாட வேண்டியது பெரிய வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஆர்மோனியத்தைத் தொடக் கூடாது, மணிகூட அடிக்காது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அதனால் முதல் சுருதியை ரோசலின் வாய்க்குள் முனகிக் காட்டுவாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற பத்தொன்பது பேரும் தொடங்குவார்கள்.

பெரிய வெள்ளிக்குப் பத்து நாள் இருக்கும்போது பங்குச்சாமியைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பார்க்க யாரையும் விடவில்லை. பூசைக்கு வந்துபோன வேறு சாமிக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. குழுவின் செயலாளர் டொமினிக், பாட்டுக் காரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஸ்டேஷனில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. யாருக்கு லீவு, யாருக்கு எந்த வண்டி என்று எழுதுவது அவர்தான்.

"அன்னிக்கு வெள்ளைக்கார துரைமாருங்க வராங்க," என்றார். "பாட்டு மாடியில முன்னால பொம்பளைங்க நின்னா நல்லா இருக்காது. ஸ்கூல் பையன்க பன்னெண்டு பேரு வெள்ளை அங்கி போட்டு நிப்பாங்க. நீங்கல்லாம் அவங்களுக்குப் பின்னால, திரை கட்டித் தரேன், அதுக்குள்ள நின்னு பாடுங்க."

"பையன்களுக்குப் பாட்டு தெரியுமா?" என்று கேட்டாள் பெர்னடெட், ரோசலினின் பக்கத்து வீட்டுக்காரி.

"பழக நாள் எங்க இருக்கு? வாயை மட்டும் அசைப்பாங்க."

"அசை போடற மாடு மாதிரி," என்று பெர்னடெட் சிரித்தாள்.

ரோசலின் சிரிக்கவில்லை. "தொண்டை எங்களது, வாய் அவங்களதா, கிராணியாரே?"

"கோவில் காரியத்துல பேரு எதுக்கும்மா? பாடுனது யாருன்னு ஆண்டவருக்குத் தெரியும்."

"ஆண்டவருக்குத் தெரியலாம், துரைக்குத்தான் தெரியக் கூடாதுங்கறீங்க."

டொமினிக்கின் முகம் கறுத்தது. "நீ இல்லாட்டி பாட்டு நின்னு போயிடாது."

"நிக்காது லா. பாடிக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.

மற்ற பத்துப் பேரும் திரைக்குள் நிற்க ஒத்துக்கொண்டார்கள். எல்லார் புருஷனுக்கும் டியூட்டி எழுதுவது டொமினிக்கின் கை. பேசிலும் வீட்டில் முணுமுணுத்தான். "உனக்கு மட்டும் என்ன ரோஷம்? நாளைக்கே என்னை அத்தனை தூரம் கெமாஸ் ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போட்டா?"

"போங்க. அங்கயும் கரிதான் அள்ளணும்." மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. டொமினிக் திரையைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு அவனும் அந்த மாடியில் குழுவின் ஒன்பது ஆண்களில் ஒருவனாக வாயை மூடிக்கொண்டு நின்றவன்தான். அந்தக் கோபமும் சேர்ந்து அம்மியில் அரைபட்டது.

பெரிய வெள்ளி, மூணு மணி. கோவில் நிறைந்திருந்தது. துரைமார் முன்வரிசையில். ரோசலின் கீழே, பெண்கள் பக்கத்துப் பாயில், முக்காட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பாடுவதில்லை என்று வைராக்கியம்.

மரக்கட்டை தட்டி ஓய்ந்தது. சுருதி கொடுக்க ஆளில்லை என்பது டொமினிக்குக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவரே தொண்டையைக் கனைத்து ஒரு சுருதி கொடுத்தார். ரொம்ப மேலே. முதல் வரியிலேயே ரோசலினுக்குத் தெரிந்துவிட்டது. இந்த உயரத்தில் தொடங்கினால் நாலாவது வரியில் யாருக்கும் தொண்டை எட்டாது.

எட்டவில்லை. திரைக்குள் ஒரு குரல் கிழிந்தது, இன்னொன்று நின்றது. ஆண்கள் தடுமாறி விட்டுவிட்டார்கள். கோவிலில் ஒரு சத்தம் இல்லை. ஆனால் மாடியில் பன்னிரண்டு பையன்களும் விடாமல் வாயை அசைத்துக்கொண்டே இருந்தார்கள். எது நடந்தாலும் நிறுத்தாதே என்று டொமினிக் சொல்லி வைத்திருந்தார் போலும். திரும்பிப் பார்த்த ஒரு துரையம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நல்லா ஆகட்டும் என்றுதான் ரோசலினுக்கு முதலில் தோன்றியது. அடுத்த நிமிஷமே எரிச்சல் திசைமாறியது. ஆறு மாசம். அவள் வாயிலிருந்து சுருதி வாங்கிப் படித்த பாட்டு. அதை இந்த மனுஷன் ஆண்டவர் சாகிற நாளில் கேலிக்கூத்தாக்கி வைத்திருக்கிறான்.

பாயிலிருந்து எழுந்தாள். முக்காடு தோளில் விழுந்தது. முனகவில்லை, முதல் சொல்லை வாய்விட்டே பாடினாள், சரியான சுருதியில். இரண்டாவது வரிக்கு மாடியில் பெர்னடெட் திரையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும். பேசிலின் குரலும் அடியில் சேர்ந்தது. பாட்டு இருபது நிமிஷம் நடந்து முடிந்தது.

வாசலில் துரைமார் டொமினிக்கின் கையைக் குலுக்கினார்கள். அவர் சிரித்துக்கொண்டே பாராட்டை வாங்கிக்கொண்டார். அவர்கள் போனதும் ரோசலினிடம் வந்தார். "என்னமோ சமாளிச்சாச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை ஈஸ்டர் பூசைக்கு ஒழுங்கா திரைக்குள்ள நிக்கணும்."

அவள் மற்ற பத்துப் பெண்களும் நின்ற பக்கம் நடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பழகப் பையன்களோடு டொமினிக் வந்தபோது பாட்டு மாடிப் படியில் ரோசலின் உட்கார்ந்திருந்தாள். மேல்படியில் பெர்னடெட், அதற்கு மேல் பவுனம்மாள், இப்படிக் குழுவின் பெண்கள் பதினொரு பேரும். குறுகிய மரப்படி, ஒரு பூனை நுழைய இடமில்லை.

"நகருங்கம்மா, பையன்க ஏறணும்."

"திரையை அவுத்தாச்சு. நாங்க முன்னால நிக்கலாம்னு சொல்லுங்க, நகர்றோம்," என்றாள் ரோசலின் மெல்ல.

"உன் புருஷன் வேலையை யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுத்தான் உக்காந்திருக்கேன். பதினொரு புருஷனையும் கெமாஸுக்கு அனுப்பிட்டா இங்க வண்டி யாரு ஓட்டறது, நீங்களா?"

அரை மணி நேரம் நின்று பார்த்தார். பையன்கள் ஒவ்வொருத்தனாய் விளையாடப் போய்விட்டார்கள். கடைசியில் "என்னமோ பண்ணுங்க" என்று கையை உதறிவிட்டுக் கிளம்பினார்.

ஈஸ்டர் காலையில் பெண்கள் முன்வரிசையில் நின்று பாடினார்கள். டொமினிக் கீழே நின்று கேட்டார். அதற்கப்புறம் பதினாலு வருஷம் ரோசலின் அந்தக் குழுவில் பாடினாள். ஒரு வார்த்தைகூட அவரோடு பேசவில்லை.