ஒரே பெயரில் நாலு பேர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்த மறுவாரம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள் நான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘இதயத் துடிப்பில் கோளாறு. உடனே மருத்துவரைப் பார்க்கவும்.’ மேலே என் பெயர், இனிஷியலோடு.

யாரிடமும் சொல்லவில்லை. கே.கே. நகரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, “சாப்பிட்டியாப்பா” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தேன். என்னைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம். போன் மறுபடி மறுபடி கிணுகிணுத்தது. பார்க்கப் பயந்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். அதன்பிறகு தண்ணீர் எடுத்து வந்தாலும் நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது.

அப்போதுதான் எதிர்வீட்டு மதினி தெருவிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

“ஏத்தா, இந்தக் கூத்தப் பாரு. நான் முழுகாம இருக்கேனாம்! போன்ல வந்திருக்கு. பேரன் காலேஜுக்குப் போறான், இனிமே எனக்குத் தொட்டில் கட்டணுமாம்ல!”

மதினிக்கும் என் பெயர்தான். இந்தச் சுற்றுப்பட்டில் தலைச்சன் பெண்ணுக்கு எல்லை அம்மன் பெயர், மூத்த பையனுக்குக் காவல்சாமி பெயர் வைப்பது வழக்கம். கட்டிக்கொண்டவர் பெயரும் ஒன்றாகிப் போவதால் இனிஷியலும் பல பேருக்கு ஒன்றுதான்.

அரிசிக்குள்ளிருந்து போனை எடுத்தேன். எனக்கும் நாலு செய்தி. ரத்தம் குறைவு, சர்க்கரை, இதயம். நானும் முழுகாமல்தான் இருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மதினி போட்ட போனில், முகாம் நடத்திய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் அன்றைக்கே ஸ்கூட்டியில் பதறி வந்தாள்.

“என் தப்புதாம்மா. கம்ப்யூட்டர்ல ரெண்டு டேபிள், அதாவது பட்டியல். ஒண்ணுல உங்க பேரும் போன் நம்பரும். இன்னொண்ணுல பேரும் டெஸ்ட் ரிசல்ட்டும் டோக்கன் நம்பரும். மொத டேபிள்ல டோக்கன் நம்பர ஏத்தவே இல்ல. அதனால பேர வச்சு ரெண்டையும் சேர்த்துட்டேன். உங்க பேர்ல நாலு பேரு, நாலு ரிசல்ட்டு. எல்லாருக்கும் எல்லாமும் போயிருச்சு, பதினாறு மெசேஜ்.”

“எங்க பக்கம் பேர வச்சா ஆளத் தேடுவாக?” என்றார் மதினி.

முகாமில் கொடுத்து, சுருக்குப்பையில் வைத்திருந்த டோக்கன் அட்டையை நீட்டினேன். அவள் லேப்டாப்பில் தேடிப் பார்த்தாள்.

“உங்களுக்கு ரத்தம்தாம்மா கம்மி. முருங்கக்கீர நெறையா சாப்பிடுங்க.”

அப்பாடா என்று சுவரில் சாய்ந்துவிட்டேன். அடுத்து மதினியின் அட்டையைப் பார்த்தாள். குரல் இறங்கிப்போனது. இதயக் கோளாறு அவருக்குத்தான். நான் சாய்ந்திருந்தது எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது, நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“புள்ள இல்லேல்ல? அது போதும்” என்றார் மதினி. ஆனால் என் கையைப் பிடித்தவர் விடவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் மேலூர் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்தோம். வெளியாட்கள் முன்னால் வாய் திறக்காத நான், “இவுகளுக்குத்தாம்மா. எதுக்கும் டோக்கன் நம்பரப் பாத்துக்கங்க” என்று சத்தமாகவே சொன்னேன்.

மாத்திரையிலேயே சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். திரும்பும்போது மதினி இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கி, இரண்டையும் என் மடியில் போட்டார்.