மஞ்சள் ஏறிய பாஸ்போர்ட்

சோலையப்பன் பொய் சொல்கிறார்.

போன கார்த்திகையன்று குன்றக்குடி அடிவாரத்தில் நம் குழு வழிபாடு முடிந்ததும், தலைவர் என்ற முறையில் மைக்கைப் பிடித்தார். என் மகள் பிழைத்தது தான் செய்த பாஸ்போர்ட் பூஜையால்தான் என்றார். நீங்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். நான் பின்வரிசையில் நின்றேன். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். அதனால் எழுதி, நம் குழு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். முருகன் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சோலையப்பன் செய்ததைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

காரைக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். வீடு அமராவதிபுதூரில். ஒரே மகள் வள்ளி, கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். ஆவணியில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று நாள் குறித்துவிட்டார்கள். ஒரு வியாழக்கிழமை.

மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவி ஆபரேஷன் தியேட்டருக்குள் போனாள். திரும்ப வரவில்லை. வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தவள் வள்ளி. போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அப்பா, நீங்க வந்து வாசல்ல நின்னாத்தான் உள்ள போவேன். இல்லைன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

மருமகன் கெஞ்சிப் பார்த்தார். அவள் அம்மா மாதிரியே பிடிவாதம். அசையவில்லை.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் பாக்கி இருக்க வேண்டும். என்னுடையதில் நாலு வருஷம் இருந்தது. விண்ணப்பம், போட்டோ, மருமகன் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம் எல்லாம் கொடுத்தேன். டிராவல்ஸ்காரர் அனுப்பினார். நாலு நாளில் விசா வந்தது. பயணம் சனிக்கிழமை, பகல் விமானம். ஆபரேஷனுக்கு முழுசாகப் பன்னிரண்டு நாள் இருந்தது. அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நம் குழுவில் யார் வெளிநாடு போனாலும் பாஸ்போர்ட்டைச் சோலையப்பன் வீட்டுப் பூஜை அறையில் ஒரு வாரம் வைத்து எடுக்கிறோம். அட்டையில் ஒரு பொட்டு வைப்பார், வாங்கிக்கொண்டு போவோம். நானும் கொடுத்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்தப் புத்தி எனக்கு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"தம்பி, ஒங்களுக்கு ஆபரேஷன் விசயம். சும்மா பொட்டு பத்தாது," என்றார்.

"பார்த்துச் செய்ங்க அண்ணே. கவர்மென்ட்டு புத்தகம்."

"புதுக் கணக்கு நோட்டுக்கு மஞ்சள் வைக்காமப் பிரிப்பமா? இது அதவிடப் பெரிய நோட்டு. நீங்க கம்முனு போங்க."

வெள்ளிக்கிழமை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார். விமான நிலையத்தில்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்றார். அப்படியே செய்தேன். ஐம்பத்தெட்டு வயதாகிறது எனக்கு. ஒரு மோட்டாரைத் திறந்து பார்க்காமல் வாடிக்கையாளரிடம் கொடுத்தது கிடையாது. இதைத் திறந்து பார்க்கவில்லை.

திருச்சி விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் துணியைப் பிரித்தார். நெய் வாடை அடித்தது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. படம் உள்ள பக்கத்தில் நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம். ஈரத்தோடு ஒரு வாரம் கட்டிக் கிடந்ததில் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் மூலையில் கிளம்பி, மஞ்சள் உள்ளே இறங்கியிருந்தது. அடியில் இரண்டு வரி எழுத்து இருக்குமே, மெஷின் படிப்பதற்கு, அது முழுக்க மஞ்சள்.

"சார், மெஷின் எடுக்கல. பிளாஸ்டிக் வேற கிளம்பியிருக்கு. பிரிச்சு ஒட்டுனதான்னு அங்க சந்தேகப்படுவாங்க. ஏத்த முடியாது சார்."

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வேலையை அவர் செய்தார். வெளியே வந்து சோலையப்பனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பாஸ்போர்ட்ட என்ன பண்ணுனீக? உள்ள விட மாட்டேங்குறாக."

பதிலுக்கு அவர் கேட்டார்: "அந்த ஒரு வாரத்துல கவுச்சி எதுவும் தொட்டீகளா?"

"ஒரு முட்டை தின்னேன்."

"அதான. சாமிக்குத் தெரியாமப் போகுமா?"

நம் குழுத் தலைவரின் ஞானம் இவ்வளவுதான். நெய்யும் தண்ணீரும் பட்டால் காகிதம் கெடும் என்பது அவருக்குத் தெரியாது. முட்டை தின்றால் கெடும் என்பது தெரியும். அடுத்து ஒன்று சொன்னார்: "மதுரையில புதுசுக்கு எழுதிப் போடுங்க. மழையில நனஞ்சிருச்சுன்னு சொல்லுங்க. என் பேரு வேண்டாம்."

பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். வள்ளிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நேர்த்திக்கடன் எதுவும் பேசவில்லை. மொட்டை போடுகிறேன், காவடி எடுக்கிறேன் என்று ஒன்றும் சொல்லவில்லை. "முருகா, உன் பேரைச் சொல்லித்தான் பூசினார்கள். சரி பண்ண வேண்டியதும் நீதான். எனக்கு வேறு ஆள் தெரியாது." இவ்வளவுதான் என் ஜெபம். ஆள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன்.

செவ்வாய்க்கிழமைக்குத் தட்கலில் நேரம் கிடைத்தது. சேதமான பாஸ்போர்ட்டுக்கு, எப்படிச் சேதமானது என்று எழுதித் தர வேண்டும். மழை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. சாமியிடம் கேட்டுவிட்டு வந்து பொய் எழுதுவதா? நடந்ததை எழுதினேன். மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மா அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீங்களா பூசுனீங்க?"

"பூசுனது வேற ஆளும்மா. குடுத்தது நான்."

"பேங்க் பாஸ்புக்குல பார்த்திருக்கேன். இதுலயும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரு தெரியுது. நம்பர் தெரியுது. போட்டோ தெரியுது. இதுல ஒண்ணு அழிஞ்சிருந்தாலும் தட்கல்ல எடுத்திருக்க முடியாது. உண்மையை எழுதுனீங்க, நல்லது. போங்க, வந்துரும்."

அன்பர்களே, இதை யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் ஈரத்தில் கிடந்த தாள். நாலு மூலையிலும் மஞ்சள் உள்ளே இறங்கியிருக்கிறது. படத்துக்கு ஒரு நூல் தள்ளி நின்றுவிட்டது. பெயரைத் தொடவில்லை, எண்ணைத் தொடவில்லை. மஞ்சளை அங்கே நிறுத்தியது யார்? பூசியவரா?

வெள்ளிக்கிழமை புதுப் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. எண் மாறிவிட்டதால் பழைய விசா செல்லாது. மருமகன் புது எண்ணோடு மறுபடி கடிதம் எழுதி அனுப்பினார். திங்கட்கிழமை விண்ணப்பம் போனது. புதன் மத்தியானம் விசா வந்தது. வியாழன் காலை சிங்கப்பூரில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வள்ளியைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போடாத தாள் பக்கத்தில் இருந்தது.

"சவரம்கூடப் பண்ணாம வந்திருக்கீக," என்றாள்.

"உள்ள போயிட்டு வா. பண்ணிட்டு நிக்கிறேன்," என்றேன்.

கையெழுத்துப் போட்டாள். நாலு மணி நேரம் வாசலில் நின்றேன். உட்கார முடியவில்லை. கதவைத் திறந்து வந்த டாக்டர், கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம், கெட்ட கட்டி இல்லை என்றார். மருமகன் அதைத் தமிழில் சொல்லும் முன்பே டாக்டரின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். இன்றைக்கு வள்ளி சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், என்னைத் திட்டுகிறாள்.

இப்போது நான் தினமும் காலையில் கடை திறக்கும் முன் ஐந்து நிமிஷம் முருகனிடம் நேரே பேசுகிறேன். நடுவில் யாரும் இல்லை. வெளிநாடு போகிறவர்கள் யாராவது கேட்டால் உட்கார வைத்து, விதிமுறைகளை வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன். நீங்களும் அவனை நம்புங்கள். கஷ்டத்தில் கூப்பிட்டால் வருகிறான், நான் பார்த்துவிட்டேன். பாஸ்போர்ட்டை மட்டும் பீரோவில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

சோலையப்பன் அண்ணே, தைப்பூசத்துக்கு மலேசியா போகிற நம் ஆட்கள் ஆறு பேருடைய பாஸ்போர்ட் இப்போது உங்கள் பூஜை அறையில் இருக்கிறது. அந்த ஆறு பேரும் உங்களிடம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். எனக்குக் கூச்சமில்லை. வருகிற கார்த்திகைக்கு ஆறையும் அடிவாரத்துக்குக் கொண்டு வாருங்கள். அதே மைக்கைப் பிடித்து, ஒவ்வொன்றாக எல்லார் முன்னாலும் பிரித்துக் காட்டி, உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். முன்வரிசையில் நிற்பேன். பதில் சொல்லுங்கள்.