கதவைத் திறக்கப் பயந்த கம்பவுண்டர்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிட்டால், மற்றவர்களுக்குக் கண்டுபிடிக்கும் வேலை மிச்சம். யானை நடமாடும் மலையில், வாசலை ஒட்டி நின்ற பலாவில் ஒரு பழத்தைப் பழுக்க விட்டு, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, கோயம்புத்தூர் அலுவலகத்து வாட்ஸப் குழுவில் ‘சொர்க்கம்’ என்று போட்டவன் நான். படத்தில் பழமும் நானும் ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருந்தோம்.

சொந்த ஊர் எருத்தேன்பதி. தென்னைக்கு நடுவே வளர்ந்தவன். மனைவிக்கு இடுக்கி ஏலத்தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும், மகளையும் கணினியையும் தூக்கிக்கொண்டு மலையேறினேன். சன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு, உட்கார்ந்த இடத்தில் சம்பளம். ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் அப்படி நினைக்கவில்லை. தோட்டத்து மருந்தகத்திலேயே தலை நரைத்தவர். தன் வீட்டுப் பலாவில் பிஞ்சு விட்டதுமே வெட்டிக் கூட்டு வைத்துவிடுவார். கதவை ஒரு சாண் திறந்து, மூக்கை மட்டும் நீட்டி மோப்பம் பிடித்த பிறகுதான் வெளியே வருவார். மாலையில் பள்ளி ஜீப் வரும் நேரம் மாதா கோயில் வளைவில் போய் நின்று, பாதை சும்மா கிடக்கிறது என்று டிரைவருக்குக் கையசைப்பார்.

“மாமா, உங்களுக்கொரு விசில் வாங்கித் தரட்டுங்களா?” என்பேன்.

“வாங்குங்க தம்பி. பயத்துல ஊத மூச்சிருக்காது” என்பார்.

மழை சற்று விட்டிருந்த ஒரு மாலையில், ஜீப்புக்குப் போகும் வழியில், வெட்டுக்கத்தியோடு எங்கள் பின்வாசலில் வந்து நின்றார். “பழத்து வாசம் எங்க வீடு வரைக்கும் வருது. எனக்கே வருதுன்னா அதுக்கு வராதா?” மகள் மரத்திலேயே பழுத்த பழம் தின்றதில்லை, நாளைக்கு வெட்டலாம் என்று நான் இழுத்துக்கொண்டிருந்தபோது, முன்பக்கம் கிளை முறிந்தது. சன்னலில் எட்டிப் பார்த்தேன். பள்ளத்தாக்கைக் காணவில்லை. சன்னல் நிறையச் சாம்பல் நிறத்தில் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இருவரும் சமையற்கட்டில் கிரைண்டருக்குப் பின்னால் பதுங்கினோம். அந்தப் பலாவின் அடியில்தான் ஜீப் வந்து திரும்பும். மனைவியும் மகளும் அங்கேதான் இறங்குவார்கள். போனில் சொல்லலாமென்றால், வீட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் முன்வாசல் படி. பின்வாசல் வழியாக ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று எழுந்தேன். என் லுங்கியின் முனை கம்பவுண்டர் கையில் இருந்தது.

“ஓடினா பின்னாலயே வரும். உக்காருங்க.”

“புள்ளை வருதுங்களே மாமா.”

“வராது. நான் வளைவுல நிக்கலைன்னா ஜீப் மேல ஏறாது. டிரைவர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்.” சொல்லும்போதே அவர் பற்கள் தந்தியடித்தன.

“நெசமாலுமே ஏறாதுங்களா?”

“இதுவரைக்கும் ஒரு நாளும் நான் நிக்காம இருந்ததில்லையே” என்றார்.

முன்னால் பழத்தைப் பிய்க்கும் சத்தம். கீழே ஜீப் உறுமிக்கொண்டு ஏறும் சத்தம். கம்பவுண்டர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். ஜீப் சத்தம் வளைவுக்கு வந்து நின்றது. சும்மா நின்றதா, இறங்கி நடந்து வருகிறார்களா? சின்னக் காலடிச் சத்தம் கேட்குமோ என்று மூச்சை அடக்கிக் காத்திருந்தேன். தன் இஷ்டத்துக்குத் தின்றுவிட்டு, ஏலச்செடிகளை மிதித்துக்கொண்டு அது பள்ளத்தில் இறங்கிய பிறகே எங்களுக்கு முதுகு நிமிர்ந்தது.

வளைவில் ஜீப் அப்படியே நின்றிருந்தது. கதவுகள் மூடியிருந்தன. “கம்பவுண்டரைக் காணாம வண்டிய எடுக்க மாட்டேன்னுட்டார்” என்றாள் மனைவி. மகளைத் தூக்கப் போனேன். கடைசியில் அவள்தான் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

கம்பவுண்டர் ஓய்வு பெற்று, தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். மாடியில் நின்றால் கடல் தெரியுமாம். இன்னும் கரைப் பக்கம் போகவில்லையாம். இப்போது மாலையில் வளைவில் நிற்பது நான். ஜீப்பிலிருக்கும் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். போன வாரம் போனில் பேசியபோது கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: “மாமா, இப்பல்லாம் எனக்குப் பயம் விட்டுப்போச்சுங்க.”

“அப்ப மலையை விட்டு இறங்கிருங்க, தம்பி.”