நான் வைக்காத யன்னல்

நம்பினாலும் சரி, சிரித்துவிட்டுப் போனாலும் சரி, நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஞாயிறு பூசையைத் தவறவிடாதவன் நான். ஆனால் ஆவி, மாயம் என்று யாரும் கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். மேசன் வேலை செய்கிறவனுக்குச் சுவர் என்றால் சுவர்தான்.

புளியந்தீவில் எங்கள் வீட்டோடு சேர்த்து ஒரு அறையை என் கையாலேயே கட்டினேன். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டும் என்பது மனைவி றோசியின் ஆசை. பின்சுவரில் மட்டும் யன்னல் வைக்கவில்லை, ஏனென்றால் ஒரு சாண் தள்ளி அடுத்த வீட்டு மதில். வாவி அங்கிருந்து இரண்டு தெரு தூரம்.

அறையை இணையத்தில் போடப் படம் வேண்டுமே. கல்யாண வீடுகளில் படம் எடுக்கிற றோசியின் தம்பி ஜூட் இரண்டு லென்ஸோடு வந்தான். முதலில் ஆக அகலமானதைப் போட்டு எடுத்தான். அறை கோயில் மண்டபம் மாதிரி வந்தது, ஓரத்தில் கிடந்த கட்டில் இழுபட்டு நீண்டுபோய்விட்டது.

"இதில ஒரு குடும்பமே படுக்கலாம் போல கிடக்கு," என்று றோசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வாறவன் பாத்திட்டு அடிக்கத்தான் வருவான். மத்த லென்ஸைப் போடு மச்சான்," என்றேன்.

மற்றது, பதினாறு மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டு, கமராவை நெஞ்சு உயரத்தில் சாயாமல் வைத்து எடுத்தான், அப்படி வைத்தால்தான் சுவர்கள் விழப்போகிற மாதிரித் தெரியாதாம். வெளிச்சமாக ஒன்று, இருட்டாக ஒன்று, இரண்டையும் கணினியில் சேர்த்தான். உள்ளதை உள்ளபடி காட்டுகிற படம். பின்சுவரில் ஒரு ஈரக்கறை மட்டும் தெரிந்தது. கணினியிலேயே கறை அழிக்கிற கருவியால் அதைத் தேய்த்தான், அந்தக் கருவி தன்பாட்டுக்கு அதில் ஒரு யன்னலைப் போட்டுவிட்டது, வெளியே வாவியும் விடிகிற வெளிச்சமும்! இந்தக் காலத்துக் கருவிகள் அப்படிச் செய்யுமாம், அது அதிசயமில்லை. பொய் வேண்டாம், யன்னலை அழி என்றேன். அழித்தான்தான், ஆனால் அவசரத்தில் இணையத்தில் ஏற்றியது யன்னல் உள்ள படத்தை.

எங்களுக்கு அது தெரிந்தது, மறுநாள் பின்னேரம் முதல் விருந்தாளிகள் வாசலில் இறங்கியபோது. வவுனியாவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும். "வாவி பாக்கிற யன்னல் எண்டுதான் இதைப் பிடிச்சனாங்கள்," என்று அந்த அம்மா ஃபோனைக் காட்டினா.

வந்த முதல் ஆட்களையே ஏமாற்றிவிட்டேனே. வாய் திறக்குமுன் மழை கொட்டத் தொடங்கியது, கரண்டும் போய்விட்டது, களைத்து வந்தவர்கள் இருட்டிலேயே போய்ப் படுத்துவிட்டார்கள். செபமாலை சொல்லியும் மனம் ஆறவில்லை. விடிந்ததும் உண்மையைச் சொல்லி, வேறு இடம் பார்த்துக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

காலையில் தேத்தண்ணியோடு போனால், அந்த அம்மா அறை வாசலில் நிற்கிறா, கையில் ஒரு பை நிறைய இறால், இன்னும் துடிக்கிறது.

"அண்ணா, இதைச் சமைச்சுத் தாறீங்களா? யன்னலடியில ஒரு தோணிக்காரர் வந்தவர், வாங்கிட்டன்."

உள்ளேயிருந்து கணவரின் குரல்: "மோட்சத்துக்குப் போனாலும் இவ மீன் வாங்காம வரமாட்டா. ஆனா ஐயா, ஃபேன் இல்லாமலே என்ன காத்து! நல்ல நித்திரை."

எட்டிப் பார்த்தேன். சுவர். நான் வைத்த கல், நான் பூசிய பூச்சு, அதே ஈரக்கறை. அந்த அம்மாவும் திரும்பிப் பார்த்தா. "இஞ்சதானே..." என்று போய்ச் சுவரைத் தடவினா. நான் படத்தின் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். கோபிப்பார்கள் என்று நின்றால், அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்! இன்னும் இரண்டு நாள் தங்கிப் பார்ப்போம் என்கிறார்.

படத்தை அன்றைக்கே மாற்றினோம். றோசி இறாலைக் குழம்பு வைத்தாள், எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம்.

"நான் பிழையான படம் போடேல்ல அத்தான், கொஞ்சம் முந்திப் போட்டிட்டன்," என்று ஜூட் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டான்.

சாப்பிடும்போதுதான் அந்த அம்மா சொன்னா: "அந்தத் தோணிக்காரரும் முழுசிக்கொண்டுதான் நிண்டவர். 'இதில எப்ப யன்னல் வச்சீங்க? நேத்து நான் வரக்குள்ள ஒண்டும் இல்லையே' எண்டு கேட்டவர்."

வாவிக்கரையில் நான் விசாரிக்காத ஆளில்லை. அப்படி இறால் விற்றதாக ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் எங்கேயோ ஒரு மனிதர், தண்ணீருக்கு மேலே ஒரு யன்னல் திறந்தது, ஒரு அம்மா கை நீட்டி இறால் வாங்கினா என்று தன் வீட்டாரிடம் சத்தியம் பண்ணிக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவரையாவது யாரும் நம்பினார்களோ தெரியாது.