நடைமேம்பாலம் பற்றி ஒரு வரி

நெடுஞ்சாலைத் துறையின் கோட்ட அலுவலகத்தில் அவர் தட்டச்சர். ஊரில் அவருக்கு வைத்த பெயர் 'விரைவில்'. நான்குவழிச் சாலைப் பணி தொடங்கிய நாள்முதல் திங்கட்கிழமைதோறும் அவர் அடித்து ஒட்டுகிற அறிவிப்பில் அந்தச் சொல் இல்லாத பத்தியே கிடையாது. சேவைச் சாலை விரைவில் திறக்கப்படும். புதிய விளக்குக் கம்பங்களுக்கு விரைவில் மின் இணைப்பு தரப்படும். தள்ளிவைக்கப்பட்ட பேருந்து நிறுத்தத்துக்கு விரைவில் கூரை போடப்படும். பேருந்து நிலையத்துப் பலகையில் அதைப் படித்துவிட்டு, "என்ன விரைவில் சார், இந்த வாரம் எதெல்லாம் வராது?" என்று கேட்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார். மேலிருந்து வருவதை அடிக்கிறோம், அவ்வளவுதானே என்று அவருக்கு எண்ணம்.

கல்யாணம் செய்துகொள்ளாமல் நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது. அக்கா வீட்டில்தான் இருந்தார். அக்காவின் கணவர் இறந்து பல வருடமாயிற்று. நர்சிங் படிக்கும் ஒரே மகள். அறுபத்து மூன்றாவது கிலோமீட்டரில், சாலை ஓரத்திலேயே வீடு. அகலப்படுத்தும்போது முன்னறையை இடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வருகிறவர்கள் இப்போது நேரே சமையலறைக்குள்தான் காலெடுத்து வைக்க வேண்டும். லாரி போனால் அலமாரியில் தட்டுகள் நடுங்கும். "வீட்டுக்குள்ள ரோடு வந்ததா, ரோட்டுக்குள்ள வீடு வந்ததான்னே தெரியலடா" என்பாள் அக்கா.

அவளுக்கு வேலை எதிர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். துவைத்து வரும் படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஷிப்ட். முன்பெல்லாம் கதவைச் சாத்திவிட்டு இரண்டு நிமிடத்தில் சாலையைத் தாண்டிவிடுவாள். இப்போது நடுவில் இடுப்பளவு கான்கிரீட் தடுப்பு. சுரங்கப்பாதை இரண்டு கிலோமீட்டர் தள்ளி. போய்த் திரும்பி வந்தால் ஒரு மணி நேரம் சரியாகிவிடும். ஆனால் வரைபடத்தில் அவர்கள் வீட்டுக்கு நேராக ஒரு நடைமேம்பாலம் இருந்தது. 'கிலோமீட்டர் அறுபத்து மூன்றில் நடைமேம்பாலப் பணி விரைவில் தொடங்கும்' என்று வாரம் தவறாமல் அடித்தவர் அவர்தான்.

பணி தொடங்கிய ஆறாவது மாதம் ஒரு கோப்பு அவர் மேசைக்கு வந்தது. சாலையைக் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கை போதாததால் பாலம் கைவிடப்படுகிறது என்று அதில் இருந்தது. கணக்கெடுப்பு நடந்த தேதியைப் பார்த்தார். விடுமுறை நாள். கோப்பைத் தூக்கிக்கொண்டு பொறியாளரின் அறைக்குப் போனார்.

"சார், பாலம் இல்லைன்னு ஆயிடுச்சே. அறிவிப்புல அந்த வரியை எடுத்துடட்டுமா?"

பொறியாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எடுத்தா நாளைக்கே ஜனம் ரோட்டுல வந்து உக்காரும். வேலை முடியற வரைக்கும் இருக்கட்டும்."

"எழுதறது நான்தானே சார்..."

"கையெழுத்து என்னுது. நீங்க அடிங்க."

அடித்தார். அடுத்த வாரமும் அடித்தார். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்கு வேறொரு வேலை வந்தது. சாலைக்கு இந்தப் பக்கமே ஒரு விடுதியில் துணி மடிக்கிற வேலை. சம்பளம் கொஞ்சம் குறைவு. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு அவரைக் கேட்டாள்.

"மெய்யாச் சொல்லுடா. பாலம் எப்ப வரும்? மூணு மாசத்துல வரும்னா நான் ஆஸ்பத்திரியிலயே இருந்துடறேன். பழகின இடம்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் அவள் சும்மா இருக்கமாட்டாள், தெருவெல்லாம் தெரிந்துவிடும், வேலை போய்விடும் என்ற பயம் முந்திக்கொண்டது.

"வரும்க்கா."

"நீ சொன்னா சரி" என்று எழுந்து போனாள். விடுதி வேலை வேண்டாம் என்று மறுநாளே சொல்லியனுப்பிவிட்டாள்.

தடுப்புச் சுவரில், மழைநீர்க் குழாய் பதிப்பதற்காக ஓரிடத்தில் ஓராள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் ஒருக்களித்து நுழைந்து போனார்கள். அவர் பார்த்திருக்கிறார். "பாத்துப் போக்கா" என்று சொல்லியுமிருக்கிறார்.

ஐந்து மாதம் கழித்து, மழை கொட்டிய ஒரு காலை. வார வேலை மிச்சமிருந்ததால் அவர் விடியும் முன்பே அலுவலகம் போய்விட்டிருந்தார். ஆறடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது தொலைபேசி அடித்தது. ரோந்து வண்டி ஓட்டுநர். விபத்துப் பதிவேட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

"அறுபத்து மூணு, நானூறு மீட்டர். பால் வண்டி. நடந்து போன ஆள் ஒண்ணு, பொம்பள. வயசு அம்பது இருக்கும் சார்."

'பெண், வயது சுமார் ஐம்பது' என்று எழுதினார். எழுதிய கை அங்கேயே நின்றது.

"என்ன போட்டிருக்காங்க?"

"நீலக் கோட்டு சார். ஆஸ்பத்திரி ஆளுங்க போடுவாங்களே, அது. கையில டிபன் தூக்கு."

"உயிர்?"

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கோம் சார். ஆனா..." என்று நிறுத்திக்கொண்டான்.

பதிவேட்டை மூடாமலே ஓடினார். அவர் போய்ச் சேர்ந்தபோது அவளை எடுத்துப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியில், அவள் கையால் மடித்தது போன்ற ஒரு வெள்ளை விரிப்பால் அவளை முகத்தோடு மூடியிருந்தார்கள்.

காரியங்கள் முடிந்து நான்காம் நாள், சமையலறையில் அவரும் அக்கா மகளும் மட்டும் இருந்தார்கள். அவள் அழுது ஓய்ந்திருந்தாள்.

"பாலம் மட்டும் வந்திருந்தா, இல்ல மாமா? அம்மா தினம் சொல்லும், 'உங்க மாமா எழுதறான், வந்துரும்'னு."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கோப்பு வந்தது, பொறியாளர் சொன்னது, விடுதி வேலை பற்றி அக்கா கேட்டபோது தான் சொன்ன பதில், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அஞ்சு மாசமா தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் தினம் அம்மா போட்ட சோத்தைச் சாப்பிட்டீங்க."

அன்று மாலையே துணிமணிகளை எடுத்துக்கொண்டு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அவர் அலுவலகம் போனார். இடைவெளியை இரும்பு வலை வைத்து அடைத்தாயிற்று என்று பொறியாளர் குறிப்பு அனுப்பியிருந்தார். அதை அடித்தார். அதன் கீழே, யாரையும் கேட்காமல், ஒரு வரி சேர்த்தார்: 'கிலோமீட்டர் அறுபத்து மூன்றில் நடைமேம்பாலம் கட்டப்படாது. இது ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிவு செய்யப்பட்டது.' கையெழுத்துக்கு அனுப்பாமல், தானே கொண்டுபோய்ப் பலகையில் ஒட்டினார்.

மதியத்துக்குள் சாலையில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். சலவைக்கூடத்துப் பெண்கள் நீலக் கோட்டோடு முன்வரிசையில். மூன்று நாள் வண்டி ஓடவில்லை. பொறியாளரை அவர் கேட்டிருந்த ஊருக்கே மாற்றினார்கள். இவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, பிறகு நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி, தார் பீப்பாய்களும் உடைந்த பெயர்ப்பலகைகளும் கிடக்கிற ஒரு கிடங்குக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டார். அக்கா மகளுக்கு வாரம் ஒருமுறை போன் செய்வார். அவள் எடுப்பதில்லை.

பாலம் வரவே இல்லை. பதினோரு மாதம் கழித்து, பாதசாரிகளுக்கு ஒரு சிக்னல் வைத்தார்கள். அது அவருக்கு அவள் சொல்லித்தான் தெரியும். முதல்முறையாக அவளாகவே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"சிக்னல் போட்டுட்டாங்க. இருபது செகண்டுதான் விடறாங்க. வயசானவங்க பாதி ரோட்டுலயே நின்னுடறாங்க. யாருக்கு எழுதணும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"எழுதுங்க. இந்தத் தடவையாவது உள்ளதை எழுதுங்க."

வைத்துவிட்டாள். அவர் கிடங்கின் பழைய மேசையைத் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் கடக்க ஒரு வயதான பெண்ணுக்கு எத்தனை விநாடி ஆகும் என்பதிலிருந்து தொடங்கினார்.