ஒரு நஞ்சுக்கொடி, இரண்டு பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்

நான் கர்ப்பம் என்பதை முதலில் கண்டுபிடித்தது கூலன்ட். அம்பத்தூர் எஸ்டேட்டில், இன்ஜின் உதிரிபாகம் கடையும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. இரும்பு சூடாகாமல் இருக்க மெஷினில் ஊற்றும் எண்ணெய்த் தண்ணீர்தான் கூலன்ட். ஒன்பது வருடமாக அந்த வாடையில்தான் டீ குடித்தேன், சாப்பிட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை அது மூக்கில் ஏறியதும் பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பக்கத்து மெஷின் அக்கா, "நாள் தள்ளிப்போச்சா சுகந்தி?" என்றாள். போயிருந்தது.

என் வேலை இன்ஸ்பெக்ஷன். மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஐந்து பீஸ் எடுத்து அளந்து எழுத வேண்டும். போன மணி நேரம் அளவு சரியாக இருந்தது என்பதற்காக இந்த மணி நேரம் அளக்காமல் விட முடியாது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், எனக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது. இந்த ஒரு புத்திதான் உண்டு. இரட்டைக் குழந்தை என்று தெரிந்து கலங்கிப்போய் இதைப் படிக்கிறவர்களுக்கு என்னிடம் இருப்பதும் அதுதான்.

மூன்றாம் மாத ஸ்கேனில் இரண்டு என்று தெரிந்தது. என் கணவர் டேவிட் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். எந்த லாரிக்கும் பதறாதவர், ஸ்கேன் அறையில் நாற்காலியைத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டில் என் மாமியார் ரூத் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "ஒட்டிகினு கீற ரெட்டை வாழப்பழத்த துன்னாதடான்னு சொன்னேன், கேட்டியாடா நீ?" என்று மகனைத்தான் திட்டினார். திட்டி முடித்ததும் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டார். அத்தை வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் அந்த மெஷினைத்தான் துடைப்பார்.

அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை நான் கம்பெனி ரிப்போர்ட் படிக்கிற மாதிரி வரி வரியாகப் படித்தேன். ஒரு வரியில் 'மோனோகோரியானிக்' என்று இருந்தது. புரியவில்லை. மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்து, ஸ்கேன் எடுத்த டாக்டரிடமே கேட்டேன். வழுக்கைத் தலை, மெதுவான குரல், எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருக்கிற மனிதர்.

"ஒரே கருமுட்டை ரெண்டா பிரிஞ்சிருக்கும்மா. அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு பேர். தனித்தனி ரூம் இருக்கு, கிச்சன் மட்டும் ஒண்ணு," என்றார். ரூம் என்றது பனிக்குடத்தை (குழந்தை மிதக்கும் நீர்ப்பை). கிச்சன் என்றது நஞ்சுக்கொடியை (தாயிடமிருந்து குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் போகும் உறுப்பு).

பிறகு ஜோக்கை விட்டுவிட்டுச் சொன்னார். "ஒரே கிச்சன்னா சில சமயம் பங்கு சரியா போகாது. ஒருத்தருக்கு அதிகம், ஒருத்தருக்குக் கம்மின்னு ஆகும். வெளியே ஒண்ணும் தெரியாது. பதினாறாவது வாரத்திலேர்ந்து ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை பாத்துடணும். உங்க டாக்டர் கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

இரட்டை என்றால் எல்லா இரட்டையும் ஒன்றல்ல. உங்கள் ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். எழுதவில்லையென்றால் கேளுங்கள். மூன்றாம் மாதத்தில் அது தெளிவாகத் தெரியும். பிறகு பார்ப்பது கஷ்டம்.

எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா நல்லவர்தான். ஆனால் வாசலில் எப்போதும் கூட்டம். "எல்லாம் நார்மல். அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு வாங்க," என்று அனுப்பிவிட்டார். சரி, நாமே போய் நாள் குறித்துவிடலாம் என்று ஸ்கேன் சென்டர் ரிசப்ஷனுக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போன மாசம்தானே எடுத்தீங்க? மறுபடியும் எதுக்குக்கா? ஆணா பொண்ணான்னு இங்க சொல்ல மாட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா பொறக்கும். எதுவா இருந்தா எனக்கு இன்னா? ரெண்டு பேருக்கும் சோறு ஒழுங்கா போகுதான்னு பாக்கணும்," என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. டாக்டர் சீட்டும் ஆதாரும் இல்லாமல் ஸ்கேன் கிடையாது, சட்டம் அப்படி என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அந்தச் சட்டம் பெண் குழந்தைகளுக்காக வந்தது. வெளியே வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது.

டாக்டரம்மாவிடம் இரண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போனேன்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேனா? யார் சொன்னது? மாசம் ஒண்ணு போதும். நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல மேடம். இன்ஸ்பெக்ஷன்," என்றேன்.

ரிப்போர்ட்டைத் திருப்பி, அந்த வரிக்குக் கீழே நகத்தை வைத்தேன். அவர் குனிந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார். "ட்வின்ஸ்னு பாத்தேன். இந்த வரியைப் பாக்காம விட்டிருக்கேன். என் தப்புதான்மா," என்றார். கூட்டம் அப்படியே வெளியே நிற்க, பதினாறு, பதினெட்டு, இருபது என்று வாரம் போட்டுப் பிரசவம் வரை ஒரே கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். டாக்டரிடம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேட்டால்தான் தெரியும்.

வீட்டில் வேறு சண்டை. "வாரா வாரம் ஸ்கேன் எடுத்து ரெண்டு பிஞ்சையும் கருக்கிடாதடி," என்றார் அத்தை. ஸ்கேனில் கதிர் ஏதும் இல்லை, வெறும் ஒலிதான் என்று எத்தனையோ முறை சொன்னேன். "ஒலின்னா புள்ளைங்களுக்குக் காது வலிக்காதா?" என்றார்.

பதினாறாம் வாரம் நன்றாக இருந்தது. பதினெட்டாம் வாரமும் நன்றாக இருந்தது. ஒவ்வொரு முறையும் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ரிசப்ஷன் பெண் இப்போது என்னைப் பார்த்தாலே படிவத்தை எடுத்து வைத்துவிடுவாள். திரையில் ஒருத்தருக்கு ஏ, இன்னொருத்தருக்கு பி என்று பெயர். எங்கள் வீட்டில் பெருசு, சின்னது.

பதினெட்டாம் வாரத்துக்குப் பிறகு என் வயிறு திடீரென்று எடுப்பாகிவிட்டது. காலனியே சந்தோஷப்பட்டது. சர்ச்சில் எதிர்ப்பட்ட பெண்கள் எல்லாரும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா வளருதுங்க, கர்த்தர் ஆசீர்வதிச்சிட்டார்," என்றார்கள். எனக்கும் பெருமைதான். மூச்சு முட்டியது, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இரட்டை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மணிக்கு ஒருமுறை அளக்கிறவள், என் வயிற்றை மட்டும் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டேன்.

இருபதாம் வார ஸ்கேன் ஒரு சனிக்கிழமை வந்தது. அன்றைக்குத்தான் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக் (விளைச்சலுக்கு நன்றி சொல்லி, கடை போட்டு சர்ச்சுக்குப் பணம் சேர்க்கும் நாள்) கடைகள். வடைக் கடை அத்தையுடையது, கல்லாவில் நான். "திங்கக்கிழமை போயிக்கலாமே, ரெண்டு நாள்தானே," என்றார் டேவிட். நானும் சரி என்றேன். ஆமாம், இத்தனை சண்டை போட்டு நாள் வாங்கிய நான்தான் அப்படிச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை எனக்கு ஒரு புது நைட்டியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். பத்து நாளைக்கு முன் என்னை அளந்து தைத்தது. வயிறு வளரும் என்று உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்திருந்தார். அது வயிற்றில் இறங்கவே இல்லை. அத்தை டேப்பை எடுத்துச் சுற்றி அளந்தார். அளவு எழுதி வைத்த நோட்டைப் பார்த்தார். மறுபடியும் அளந்தார். முகம் மாறிவிட்டது.

"இன்னாடி இது? ரெண்டு மாசத்துக்குத் தாங்கும்னு விட்ட துணிடி. பத்து நாள்ல முடிஞ்சிபோச்சி. நாலு இஞ்ச் ஏறிக்கீது!"

"நல்லா வளருதுங்க அத்தே."

"நானும் மூணு பெத்தவதான். புள்ள இப்படி வளராது. வடையாவது ஒண்ணாவது, நாளைக்கு நீ ஸ்கேனுக்குப் போற. நானும் வரேன்."

மறுநாள் காலை, மாவாட்டின கையோடு அத்தை என்னுடன் வந்தார். ஸ்கேன் டாக்டர் வழக்கம்போல ஏதோ ஜோக்கை ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டார். கருவியை வைத்து நெடுநேரம் பார்த்தார்.

பெருசைச் சுற்றித் தண்ணீர் ஒன்பது சென்டிமீட்டர் ஆழம். சின்னதைச் சுற்றி ஒன்றரைகூட இல்லை. பாலிதீன் பையில் போட்டு இறுக்கின மாதிரி ஓரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மூத்திரப்பை காலி. இதற்குப் பெயர் ட்வின் டு ட்வின் ட்ரான்ஸ்ஃப்யூஷன் (ஒரே நஞ்சுக்கொடிக்குள் ஓடும் இரத்தக் குழாய்கள் வழியாக ஒரு குழந்தையின் இரத்தம் இன்னொன்றுக்குப் போய்விடுவது). கொடுக்கிறது வாடும். வாங்குகிறதும் பிழைக்குமென்று சொல்ல முடியாது, அதன் இதயம் பாரம் தாங்காது. அப்படியே விட்டால் பெரும்பாலும் இரண்டும் போய்விடும். எல்லாரும் தொட்டுத் தொட்டு மகிழ்ந்தது பிள்ளைகளை அல்ல, தண்ணீரை.

டாக்டர் அப்போதே நகரத்தில் இருக்கும் ஃபீட்டல் மெடிசின் நிபுணருக்கு (வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பவர்) போன் செய்தார். டேவிட் கால் டாக்ஸியோடு வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்து, "அண்ணாத்தே, ஸ்பீடு பிரேக்கர், ஸ்பீடு பிரேக்கர்," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த டிரைவர் கடைசியில், "அண்ணாத்தே, நீயே ஓட்டுறியா?" என்று கேட்டுவிட்டார். பயத்தின் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார்.

நிபுணர் என் வயதுப் பெண். ஒளிக்காமல் பேசினார். "மெல்லிசான ஒரு கேமராவை உள்ளே விட்டு, ரெண்டு பேரையும் இணைக்கிற குழாய்களை லேசரால சுட்டு அடைச்சிடுவோம். ரெண்டும் பிழைக்கலாம். ஒண்ணு மட்டும் பிழைக்கலாம். ரெண்டுமே போகவும் வாய்ப்பு இருக்கு. ஆனா சரியான நேரத்துல வந்திருக்கீங்க."

திங்கட்கிழமை காலை லேசர். எந்தத் திங்கட்கிழமை ஸ்கேனுக்குப் போகலாம் என்று இருந்தோமோ, அதே நாள். வயிற்றை மட்டும்தான் மரத்துப்போக வைத்தார்கள், எனக்கு நினைவு இருந்தது. திரையில் ஒரு சின்னஞ்சிறு கை தெரிந்தது. ஐந்து விரலையும் எண்ணினேன்.

"எத்தனை இடத்துல இணைஞ்சிருந்தது மேடம்?" என்று முடிந்ததும் கேட்டேன்.

"ஒன்பது."

"ஒன்பதும் அடைஞ்சிடுச்சான்னு செக் பண்ணீங்களா?"

அவர் முகக்கவசத்துக்குள்ளேயே சிரித்தார். "ரெண்டு தடவை பண்ணேன். உங்களைப் பத்தி ஸ்கேன் டாக்டர் சொல்லியிருந்தார்." அதிகமாக இருந்த தண்ணீரை ஒன்றரை லிட்டருக்கு மேல் வடித்தார்கள். ஒரு வாரத்தில் முதல் முறையாக நான் முழு மூச்சு விட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் இரண்டும் இருக்கிறதா என்று தெரியும் என்றார்கள். அந்த எட்டு மணி வரை நான் பட்டதை எழுத எனக்குத் தெம்பில்லை. கருவியை வைத்தார்கள். ஒரு துடிப்பு தெரிந்தது. கருவியை நகர்த்தினார்கள். இன்னொன்று. "ரெண்டும் இருக்கு," என்றார் நிபுணர். நான் வாய்விட்டு அழுதேன். சின்னதின் மூத்திரப்பையில் ஒரு துளி நீர் சேர்ந்திருப்பதைக் காட்டினார். வெளியே ஓடிப்போய், "சின்னது ஒண்ணுக்குப் போவுதாம்!" என்று அத்தை வராண்டா முழுக்கச் சொன்னார். யாரென்றே தெரியாதவர்களும் எங்களுக்குக் கை கொடுத்தார்கள்.

பிறகு வாரம் ஒரு ஸ்கேன். "காது வலிக்காதா?" என்ற அத்தைதான் புதன்கிழமை தவறாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். டேப்பாலும் அளந்தார், நோட்டிலும் எழுதினார். அதை ஸ்கேன் டாக்டரிடம் காட்ட, அவர் மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க அளவும் என் அளவும் ஒத்துப்போகுதும்மா," என்றார்.

முப்பத்து நான்காம் வாரம் சிசேரியன். இரண்டு பெண்கள். இருவருமே எடை குறைவு. பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தார்கள். பார்க்கும் நேரத்தில் மட்டும் உள்ளே விட்டார்கள். பிறகு ஒரு நாள் காலை, இருவரையும் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"அடுத்து எப்ப வரணும் மேடம்?" என்று டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிய டாக்டரிடம் கேட்டேன்.

"ஆறு வாரம் கழிச்சு வாங்க, போதும்."

ஆறு வாரம்! வராண்டாவில் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு இரண்டு வாரத்தில் யுகம் மாறிப்போகும் என்று தெரியும். ஆறு வாரம் என்பது எவ்வளவு நீளம் என்று என் உடம்புக்குப் புரியவே இல்லை. இத்தனை மாதம் என் வயிற்றுக்கு ஒரு திரை இருந்தது, என் முகத்தைவிட என் உள்ளே இருப்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது தொட்டுப் பார்த்தால் தளர்ந்த தோலும் தையலும்தான். என்னை இனி யாரும் பார்க்க வேண்டியதில்லை.

"டேவிட், ஆறு வாரம் வரைக்கும் இதுங்கள யாரு பாக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் பெரியவளை வைத்திருந்தார், நான் சின்னவளை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நம்மதான் சுகந்தி," என்றார். "இனிமே நம்மதான்."

சின்னவள் கொட்டாவி விட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.