பவுடர் மூட்டையின் மேல் ஜெயம்மா

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுநாள், திருத்தணி மலையிலிருந்து இறங்கிய காவடிப் பூ மட்டும் ஏழு வண்டி. அத்தனையும் ஜெயம்மா வேலை செய்யும் உரக்கூடத்துக்குத்தான் வந்தது. கூடம் ஒரு காண்டிராக்டருடையது. ஆனால் யாரைக் கேட்டாலும் ஜெயம்மா கொட்டகை என்றுதான் வழி சொல்வார்கள். அவளோ நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டாள். டீயில் சர்க்கரை போடவில்லை என்றால்கூடச் சொல்லாமல் குடித்துவிட்டு வருவாள்.

பூவையும் வாழையிலையையும் காய்கறிக் கழிவையும் நறுக்கித் தொட்டியில் நிரப்பி, சாணமும் வெல்லமும் புளித்த மோரும் கரைத்துத் தெளிப்பாள். மூன்றாம் நாள் தொட்டி சூடேறும். கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் உள்ளே தின்னத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். ஜெயம்மா முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பாள். சுட்டால் சரி. ஐந்தாம் நாள் கிளறிக் காற்று விட வேண்டும். அவற்றுக்கும் மூச்சு வேண்டும்.

சேர்ந்த புதிதில் ஒரு தப்பு செய்திருந்தாள். நாற்றம் வருகிறது என்று மேஸ்திரி பரந்தாமன் சொன்னதைக் கேட்டு, மூன்று தொட்டிகளில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டாள். மறுநாள் கையை விட்டால் உள்ளே சில்லென்று இருந்தது. ஒன்றரை மாதம் ஆகியும் வாழைத்தண்டு வாழைத்தண்டாகவே கிடந்தது. யாரும் திட்டவில்லை. அவள்தான் அந்தத் தொட்டிகளைப் பார்க்காமல் சுற்றி நடந்தாள்.

இந்த முறை, பூ கொட்டிய நாலாம் நாள், சென்னையிலிருந்து அதிகாரி வருவதாகத் தகவல். பரந்தாமன் பவுடர் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாத் தொட்டியிலும் தூவு, பார்க்க வெள்ளையாய், சுத்தமாய் இருக்கட்டும் என்றார்.

ஜெயம்மா போய் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எதுக்கும்மா மூட்ட மேல குந்திகினு கீற? எழுந்திரு."

"மாட்டேன் மேஸ்திரி."

கூட வேலை செய்யும் நிர்மலா கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டாள். ஜெயம்மா எதிர்த்துப் பேசி அவள் பார்த்ததில்லை.

"கண்ணுக்கே தெரியாத பூச்சிக்கா இந்த ரோஷம்? நாளிக்கு வேல வேணுமா வேணாவா உனுக்கு?"

"அதுங்க வேல செய்யாம வுட்டா கொட்டுனது கொட்டுனபடியே கெடக்கும். உதுந்த எல, செத்த மாடு, எதுவும் மண்ணாவாது. மலையே மூடிப்போவும். அப்புறம் எதுல நெல்லு போடுவீங்க?"

மூட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

அதற்குள் அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. மூட்டை மேல் இருக்கும் அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பரந்தாமன் முந்திக்கொண்டு சொன்னார்.

"நல்லாத்தாங்க கீறேன்" என்றாள் ஜெயம்மா, தரையைப் பார்த்தபடியே. "பவுடர் போடச் சொன்னாருங்க. நான்தான் வுடல. போட்டா உள்ள கீறதெல்லாம் செத்துடும்."

அதிகாரி ஒரு தொட்டிக்குள் கையை விட்டு, சூடு தாளாமல் இழுத்துக்கொண்டார். பாராட்டவில்லை. மூட்டையை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

ஜீப் மறைந்ததும் பரந்தாமன், நாளையிலிருந்து நீ கால்வாய் தூர் வாரப் போ என்றார். ஜெயம்மா ஆங் என்று தலையாட்டினாள்.

மறுநாள் விடிந்து அவர் கொட்டகைக்கு வந்தபோது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் தொட்டிக்குள் நின்றிருந்தாள்.

"உன்ன கால்வாய்க்குத்தானே போவச் சொன்னேன்?"

"அது ஏழு மணிக்குத்தானே மேஸ்திரி. இது இன்னிக்கு கிளறணும்."

மண்வெட்டியை ஆழ இறக்கிப் புரட்டினாள். ஆவி எழுந்து அவர் முகம் வரை வந்தது. அவர்தான் ஒதுங்கி நின்றார்.